நாளைக்கும் இந்தத் தெருவுலதான் வருவேன்

இன்று விடிந்ததும் பசை காய்ச்சினேன். மைதாவைக் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறி, இறக்கும் சமயத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டேன். மாடும் எலியும் நோட்டீசைத் தின்னாமல் இருக்க நீ போடுவாயே, அதேபோல. ஆவி முகத்தில் அடித்ததும் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். உன் சட்டைக் கையில், உன் விரல் இடுக்கில், நீ குடித்து வைத்த டீ டம்ளரில், எங்கும் இந்த வாசம்தானே இருந்தது.

எதற்குப் பசை என்று கேட்பாய். சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்ல முடியும். இதை நானே எழுதுகிறேன்.

ஆமாம், நானேதான். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து இறக்குகிறேன். ஒரு பத்தி முடிந்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். சந்தோஷம் தாங்காமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். சொல்லப்போவது எதுவும் சந்தோஷமான சங்கதி இல்லை. ஆனால் எழுதுகிற கைக்கு அது புரியவில்லை. அது தன்பாட்டுக்குக் குதிக்கிறது.

என்னைப் படிக்கவிடாதவனே நீதான். அச்சகத்து மூலையில் உன் மேசை. பட்டுக் கடைகளுக்கு நோட்டீசு வாசகம் எழுதுவது உன் வேலை. ஆட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அதைச் சொல்வது என் வேலை. எழுதி முடித்ததும் எனக்கு ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டுவாய். பிறகு டீக்கடை. டீ குடித்து, ஊர்க்கதை பேசி, திரும்பி வரும் வழியில் சட்டென்று கேட்பாய்.

"இப்போ சொல்லு நைனா. இன்னா வாசிச்சேன்?"

"ஆடி மாசம். தேரடிகிட்ட கடை. பழைய பொடவை குடுத்தா ஜரிகைக்கு வெல குடுப்பாங்க. அப்புறம் ஏதோ எழில்மிகு, நேர்த்திமிகு…"

"அந்த ஏதோவை அடிச்சுடறேன். நீ மறந்தா ஊரே மறந்துடும்."

உன் வித்தை அவ்வளவுதான். எழுத்துத் தெரியாத ஒருவன் ஒரு முறை கேட்டு, டீ குடித்த பிறகும் நினைவில் வைத்திருப்பது எதுவோ அதுதான் நோட்டீசு. மற்றது காகிதச் செலவு. நான் மைக்கில் சொல்லிப் பார்ப்பேன். எங்கே எனக்கு மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை முடித்துவிடுவாய்.

ஒரு கடை முதலாளி உன்னிடம் சண்டைக்கு வந்தது நினைவிருக்கிறதா? "எவ்ளோ நல்லா எழுதி வெச்சிருந்தே, எல்லாத்தையும் அடிச்சுட்டியேப்பா" என்றார். நீ பேனாவை மூடாமலே சொன்னாய். "மொதலாளி, பொடவை அழகா இல்லன்னு எந்தக் கடைக்காரன் சொல்லுவான்? அதைக் கேக்கவா ஒருத்தன் வெயில்ல நிப்பான்? எந்தக் கடை, இன்னா பொடவை, யாருக்கு ஆவும், புடிக்கலன்னா இன்னா பண்றது. அதைச் சொல்லுவோம். மீதிய பொடவையே சொல்லிக்கும்."

எனக்கும் எழுத்துச் சொல்லிக்கொடு என்று ஒருநாள் கேட்டேன். நீ பதறிப்போனாய். "உனக்கு எதுக்கு நைனா அது? நீ படிக்க ஆரம்பிச்சா காகிதத்தைப் பாத்துப் பேசுவ. காகிதம் எதையும் மறக்காது. அப்புறம் எதை அடிக்கணும்னு எனக்கு யாரு சொல்லுவா?" நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் உன்மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. இவ்வளவு சந்தோஷத்தை இத்தனை காலம் மறைத்து வைத்திருந்தாயே.

தொடக்கமும் முடிவும் மட்டும் எல்லா நோட்டீசுக்கும் ஒன்றுதான். "நடந்துக்கினே கேளுங்க" என்று தொடங்குவேன். யாரையும் நிறுத்தக் கூடாது, அவரவர் வேலையோடு வேலையாகக் கேட்க வேண்டும் என்பது உன் கணக்கு. முடிக்கும்போது, "பொய் இருந்தா என்னைத் திட்டுங்க. நாளைக்கும் இந்தத் தெருவுலதான் வருவேன்."

அது எதற்கு, கடையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையே என்று எல்லாக் கடைக்காரரும் கேட்டார்கள். "அதுதான் மொதலாளி கடை" என்பாய் நீ. அது வெறும் பேச்சாகவும் இருந்ததில்லை. நீயும் கூட வந்த ஒருநாள், கூரம் கிராமத்தில் ஒரு அம்மா ஆட்டோவை மறித்து, ஒரே தண்ணீரில் சாயம் போய்விட்டது என்று புடவையை என் மடியில் போட்டாள். அவளை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனோம். மாற்றிக் கொடுக்கும்வரை நீ கல்லாப் பக்கத்தில் நின்றுகொண்டு போகமாட்டேன் என்றாய். அதற்குப் பிறகு சுற்றுப்பட்டு ஊர்களில் என் குரலுக்கு ஒரு மதிப்பு வந்தது. பிள்ளைகள் என்னைப்போலவே சொல்லி விளையாடின.

நீ போனாய். உன் மேசையிலேயே தலை சாய்த்துப் போனாய். அதன் பிறகு எனக்குத் தொண்டையில் ஏதோ வளர்ந்தது. அதை அறுத்து எடுத்தபோது குரலும் போயிற்று. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் புரியாது. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மருமகள் சேர்த்துவிட்டாள். வகுப்பு முழுக்கப் பெண்கள். "தாத்தா ஒருத்தருதான் பேசாம எழுதறாரு, பாத்துக் கத்துக்குங்க" என்று டீச்சர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சத்தமில்லாமல் சிரித்தேன். முதலில் முழுதாக வாசித்தது ஒரு சோப்பு உறை. அதை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பங்குனி வெயிலில் ஒரு மதியம். உள்ளே பாயில் உட்கார்ந்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். சமையலறையில் என் வீட்டுக்காரி, நீ தங்கச்சி என்று கூப்பிடுவாயே அவள், தட்டைக் கழுவி வைத்துச் சோற்றைப் போட்டாள். எனக்கு அப்போது பசியில்லை. ஏன் போடுகிறாள் என்று பார்த்தேன். முந்தியெல்லாம் ஆட்டோவில் என் குரல் தெருமுனைக்கு வந்ததும் அவள் சோறு போடுவாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது தட்டு தயாராக இருக்கும். அன்றும் அவள் கை அதைத்தான் செய்தது. தெருமுனையில் என் குரல் வந்துகொண்டிருந்தது.

தட்டோடு திரும்பியவள் என்னைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது.

"நீ இங்க குந்திக்கினு இருக்கற. அப்போ அங்க போறது யாரு?"

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவன் ஆட்டோ ஓட்டிக்கொண்டு போனான். மைக் பிடிக்க ஆள் இல்லை. மேலே கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன். "நடந்துக்கினே கேளுங்க." தொண்டை நன்றாக இருந்த காலத்துக் குரல். அசல் காஞ்சிப் பட்டு, அசல் ஜரிகை, எழில்மிகு, நேர்த்திமிகு என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீ அடித்துப் போட்ட சொற்களெல்லாம் என் வாயிலேயே திரும்பி வந்திருந்தன.

அதைவிட ஒன்று என்னைக் கலக்கியது. அந்தக் குரல் மூச்சு விடவில்லை. எங்கேயும் விடவில்லை. எவ்வளவு நீளமான வாக்கியமாக இருந்தாலும் இழுத்துக்கொண்டே போயிற்று. நீ என் மூச்சை வைத்து அளந்தாயே, அந்த அளவு அதற்கு இல்லை. கடைசியில் அது சொன்னது: "பொய் இருந்தா என்னைத் திட்டுங்க. நாளைக்கும் இந்தத் தெருவுலதான் வருவேன்." நாம் வாக்காகச் சொன்னதை அது மிரட்டலாகச் சொல்வதுபோல் இருந்தது.

சொன்னபடி மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வீட்டுக்காரி மதியச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிவிட்டாள்.

பிறகு முசரவாக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். கையில் கடைப் பை. வாசலில் நின்று, "மைக்குக்காரரு வீடு இதானே?" என்றாள். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"பொய் இருந்தா என்னைத் திட்டுங்கன்னு சொன்னீங்க. அதான் வந்தேன். பொண்ணு முகூர்த்தத்துக்கு எடுத்த பொடவை."

"அவரால பேச முடியாதும்மா. தொண்டையில ஆப்பரேசன்" என்றாள் வீட்டுக்காரி.

"நேத்துகூட எங்க ஊருல பேசிக்கினு போனாரே."

நான் வாயைத் திறந்து காட்டினேன். காற்று வந்தது. அந்த அம்மா என் வாயையே பார்த்தாள். பிறகு புடவையைப் பிரித்து, ஓரத்தில் ஒரு நூலை இழுத்து, சாமி விளக்கில் காட்டினாள். பட்டு நூல் எரிந்தால் முடி கருகும் வாசம் வரும், நசுக்கினால் பொடியாகும். இதில் பால் பாக்கெட் எரியும் நாற்றம் வந்தது. நுனியில் கறுப்பாக ஒரு சொட்டு உருண்டு இறுகி நின்றது.

"கடையில போய்க் கேட்டா, ஆட்டோ சொன்னதுக்கு நாங்க இன்னா பண்றதுன்றாங்க. பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல." பையை மடித்தாள். "நல்லா திட்டணும்னு பஸ்ஸுல பூரா யோசிச்சுக்கினு வந்தேன். இப்போ யாரைத் திட்டறதுன்னே தெரியல."

அவள் போன பிறகும் அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போகவில்லை.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன்: அது என் குரல். நிறுத்துங்கள். மேனேஜர் சின்ன வயசுக்காரன். ரொம்ப மரியாதை தெரிந்தவன்.

"உக்காருங்க பெரியவரே. ஏம்பா, ஒரு காபி." தாளை வாசித்தான். "சூப்பரா எழுதறீங்களே. இந்த வயசுல கத்துக்கினீங்களாமே, கேள்விப்பட்டேன். நீங்க பேசின பழைய கேசட்டு ஒண்ணு கெடைச்சுது. அதைக் கம்ப்யூட்டர்ல குடுத்தா, நாம எழுதறதையெல்லாம் அது பேசுது. உங்க பேரு எங்கியாவது சொன்னமா? இல்லியே. அது ஒரு சத்தம். அவ்ளோதான்."

அது என் குரல் என்று ஊருக்கே தெரியும் என்று எழுதத் தொடங்கினேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு, "எழுதுங்க எழுதுங்க, அவசரமில்ல" என்றான். நான் எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவன் வாசித்துவிட்டுத் தலையாட்டினான்.

"கோயில் கருடசேவைக்கு ஜில்லாவே இங்க வரப்போவுது. நாலு பக்கமும் வண்டி வுடறோம். எல்லாத்துலயும் நீங்கதான். ஒரே ஆளு ஒரே நேரத்துல நாலு தெருவுல பேச முடியுமா? நீங்க சந்தோஷப்படணும்." எழுந்து வாசல்வரை கூட வந்தான். செருப்பு மாட்டும்போது குனிந்து என் காதருகில் கேட்டான். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? மருமவ ஏனாத்தூரு காலேஜுக்கு பஸ்ஸுலதானே போறாங்க? பாத்துப் போகச் சொல்லுங்க. கூட்டமா இருக்குது இப்பல்லாம்."

அன்றிலிருந்து மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரி பஸ் நிறுத்தம்வரை கூடப் போகிறாள். மருமகளிடம் காரணம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தோம். அவளே, "தெரியும்த்தே. ரெண்டு நாளா ஒரே ஆட்டோ பின்னாடி வருது" என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நான் நோட்டீசு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியது உனக்குக் காட்டவே வெட்கம். அநியாயம், அக்கிரமம், பகல் கொள்ளை, ஊரை ஏமாற்றும் கயவர்கள் என்று ஒரு பக்கம் நிரப்பியிருந்தேன். எழுதத் தெரிந்த சுகத்தில் கண்டதையெல்லாம் எழுதிவிட்டேன். பிறகு உன் டீக்கடை நினைவு வந்தது. மருமகளை வாசிக்கச் சொல்லி, வீட்டுக்காரியைக் கேட்கவைத்தேன். ஒரே ஒரு தடவை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. வகுப்புக்குக் கூப்பிட்டபோது, "வூட்டுல ஒருத்தரு பைத்தியமா இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டவள். டீ போட்டுக் குடித்தோம். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தவளிடம் மருமகள் கேட்டாள்.

"இன்னா வாசிச்சேன் அத்தே?"

"யாரையோ திட்டற. யாரு, எதுக்குன்னு ஞாபகம் இல்ல. ஆமா, டீயில சக்கர கம்மி."

முழுப் பக்கத்தையும் அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி டீ. கடையின் பெயரைப் போட்டிருந்தேன். அதையும் அடித்தேன். அடுத்த கடையைத் திட்டாதே, வாங்குகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடு என்று நீ சொல்வாய். அன்று நாங்கள் குடித்த டீக்கு வீட்டுக்காரிக்குத் தூக்கமே வரவில்லையாம். கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டு, அரிசி களைந்துகொண்டே ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் எங்கே மூச்சு வாங்கினாளோ அங்கே புள்ளி வைத்தேன்.

*நடந்துக்கினே படிங்க.*
*ஆட்டோவில் வருவது என் குரல். பேசுவது நான் இல்லை. எனக்குக் குரல் போய்விட்டது.*
*பட்டு வாங்கும் முன் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்க. முடி கருகும் வாசம் வந்தால் பட்டு.*
*கொளுத்த விடாத கடையில் வாங்காதீங்க.*
*பொய் இருந்தா என்னைத் திட்டுங்க. நாளைக்கும் இந்தத் தெருவுலதான் வருவேன்.*

கீழே பெயர் போடுவதா வேண்டாமா என்பதில்தான் நின்றுவிட்டேன். பஸ்ஸில் போகிறவள் மருமகள். அவளையே பார்த்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் உனக்கு ஒரு பேச்சு உண்டு. "பேரு போடாத நோட்டீசு வெலாசம் தெரியாத கொழந்த மாதிரி. எவன் வேணா தூக்கிக்கினு போயிடுவான்." என் குரலுக்கு நடந்தது அதுதான். மருமகள் தாளை வாங்கி, கீழே இருந்த வெற்றிடத்தைத் தட்டிக் காட்டினாள். "போடுங்க மாமா. உங்க பேரை எழுதக் கத்துக்கத்தானே அவ்ளோ தூரம் நடந்தீங்க."

பெயரையும் தெருவையும் எழுதினேன்.

நம் அச்சகத்தில் அடித்துத் தர மறுத்துவிட்டார்கள். புது முதலாளி, "அவங்க நமக்கு ஆர்டர் குடுக்கற பார்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். அதனால் ஒவ்வொன்றையும் கையால் எழுதினேன். வரி கோணுகிறது. ஆனால் எழுதிய கை ஒரே கை என்று பார்த்தவுடன் தெரியும். இதை எந்தக் கம்ப்யூட்டர் பெட்டியும் என்னைப்போல் எழுதவில்லை, இதுவரைக்கும்.

முசரவாக்கத்து அம்மா வந்து கொஞ்சம் வாங்கிப் போனாள். "பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "அழுவல. நோட்டீசைக் குடு, நானே ஒட்டறேன்னுது."

நேற்று விடியலில் தேரடியில், பஸ் ஸ்டாண்டுச் சுவரில், கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் ஒட்டினேன். படித்துக்கொண்டே நடந்தவர்களைத் தூரத்தில் நின்று பார்த்தேன். ஒரு கல்லூரிப் பிள்ளை வாய்விட்டுப் படித்தது. என் சொற்களை இன்னொரு வாய் சொல்லக் கேட்பதில் இவ்வளவு இன்பமா? இதைத்தான் நீ என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாயா?

சாயங்காலம் போனபோது எல்லாம் கிழிந்து கிடந்தன. நகத்தால் சுரண்டியிருந்தார்கள். தேரடிச் சுவரில் மட்டும் அடிவரி மிச்சம் இருந்தது. கிழிப்பவன் கீழேயிருந்துதான் இழுப்பான், அங்கே பசையைத் தடிமனாகப் பூசு என்பாய் நீ. பூசியிருந்தேன். அதனால் அந்தச் சுவரில் இப்போது வேறு ஒன்றும் இல்லை. நாளைக்கும் இந்தத் தெருவுலதான் வருவேன், அதன்கீழ் என் பெயர், என் தெரு. வழியில் போகிறவர் பார்த்தால் யாரோ யாரையோ மிரட்டுவதாக நினைப்பார்.

நாளை கருடசேவை. அதனால்தான் இன்று மறுபடியும் பசை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் என் குரல் வந்துவிட்டது. இன்று சீக்கிரமாக வந்திருக்கிறது. வழக்கமாக நம் வீட்டைத் தாண்டிப் போய்விடும். இன்று போகவில்லை. வாசலில் நிற்கிறது. என்ஜினை அணைக்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். மருமகள் பையை மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நிற்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது.

நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது குரல் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று நீ கற்றுக்கொடுத்தது மட்டும் இருக்கிறது. வெளியே இருப்பதற்கு அது தெரியாது. அது நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பசை ஆறிவிட்டது. வாளியையும் தாள்களையும் எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் ஒன்றாகத்தான் போகிறோம். நான் ஒரு மூச்சு வாங்கிக்கொள்கிறேன். பிறகு கதவைத் திறக்கிறேன்.